மருந்துக் கடையில் சோதனை

இந்நாட்டில் விற்பனையாகி வந்த போலி மருந்துகளைப் பற்றி ஆராய 1930ம் ஆண்டில் கர்னல் சோப்ராவின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பயனாகப் பின்னர் எழுந்ததே 1940ம் வருஷத்து மருந்துச் சட்டம். பாஷை தெரியாத ஊரில் மருந்து வாங்க நேரும் நம்மவர்கள் இச்சட்டத்தின் சில அம்சங்களையேனும் அறிந்திருத்தல் நலம்.

சோதனைக்கு வரும் டிரக் இன்ஸ்பெக்டர் முதலில் பார்ப்பது லைசென்ஸை. அது வாடிக்கையாளர் கண்ணில் படும்படி கடையில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். அடுத்து, பதிவு பெற்ற பார்மஸிஸ்ட் கடையில் இருக்கிறாரா என்பது. பல கடைகளில் அவருடைய சர்ட்டிபிகேட் மட்டுமே சுவரில் வேலை பார்க்கிறது! இன்சுலின் போன்றவை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைக்கப்பட்டுள்ளனவா, காலாவதியான சரக்கு 'விற்பனைக்கல்ல' என்ற குறிப்புடன் தனியே ஒதுக்கப்பட்டுள்ளதா என்பவற்றையும் அவர் கவனிப்பார். சில ஆன்டிபயாடிக்குகளும் காசநோய் மருந்துகளும் 2013ல் 'எச்-1' அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இவற்றை எழுதித் தந்த டாக்டர், வாங்கிய நோயாளி, கொடுத்த அளவு ஆகியவை தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். அப்பதிவேடு மூன்றாண்டு காலம் பாதுகாக்கப்பட வேண்டும்.

ஐயத்திற்குரிய மருந்தை இன்ஸ்பெக்டர் சும்மா எடுத்துச் செல்வதில்லை. உரிய விலையைக் கொடுத்து, அதனை நான்கு பங்காக்கி முத்திரையிடுகிறார். ஒன்று கடைக்காரரிடமே தங்கும். ஒன்று சர்க்கார் பரிசோதகருக்கு. ஒன்று வழக்கு வருமாயின் நீதிமன்றத்திற்கு. மற்றொன்று கடைக்காரருக்கு அச்சரக்கைத் தந்தவருக்கு. பின்னர் எவரும் 'மாற்றிவிட்டார்கள்' என்று கூற இடமிராது.

இன்ஸ்பெக்டர் வரும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. சட்டத்தின் 26வது பிரிவின்படி, மருந்து வாங்கிய எவரும், உரிய கட்டணத்துடன் 14-ஏ படிவத்தில் விண்ணப்பித்து, அதனைச் சர்க்கார் பரிசோதகரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறலாம். ஆனால், வாங்கியதற்குச் சான்று வேண்டுமே! நம்மில் பலர் இரண்டு ரூபாய் தள்ளுபடிக்காகப் பில்லை விட்டுவிடுகிறோம். கடையின் பெயர், விலாசம், லைசென்ஸ் எண், பில்லின் வரிசை எண், மருந்தின் பெயர், அளவு ஆகிய யாவும் அதில் இருத்தல் வேண்டுமென்பது விதி. வெற்றுத் துண்டுக் காகிதத்தில் தொகையை மட்டும் கிறுக்கித் தந்தால், அதனைத் திருப்பிக் கொடுத்து முறையான பில் கேளுங்கள்.