தவறு விரலிலா, இயந்திரத்திலா?

சில நாட்களுக்கு முன் ஒரு மருந்தகத்தில் கண்ட காட்சியோடு தொடங்குகிறேன்.

வரிசை எண் தரும் இயந்திரத்தின் முன் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா நின்றிருந்தார். திரையைத் தொட்டார், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தித் தொட்டார். வேறு ஏதோ பக்கம் வந்தது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர் ஒதுங்கிக்கொண்டு, அடுத்து நின்ற இளைஞரிடம், "மன்னிச்சுக்கப்பா, எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் அதிகம் படிக்காதவ" என்றார்.

தடுமாற வைத்தது இயந்திரம். மன்னிப்புக் கேட்டவரோ அந்த அம்மா. இது நியாயமா என்பதுதான் நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

ஒரு பொருளைப் பயன்படுத்தத் தெரியாமல் விழிக்கும்போது, நாம் முதலில் நம்மையே குறை சொல்லிக்கொள்கிறோம். "எனக்கு வயதாகிவிட்டது", "எனக்கு மூளை போதாது" என்கிறோம். அந்தப் பொருளைச் செய்தவரைப் பற்றி நினைப்பதே இல்லை. ஆனால், மனிதனின் மனம் எப்படி வேலை செய்கிறது, அந்த நேரத்தில் அவன் என்ன உணர்வில் இருக்கிறான் என்ற இரண்டையும் அறிந்து செய்யப்படுவதே நல்ல வடிவமைப்பு என்று உளவியல் அறிஞர்கள் கூறுகிறார்கள். அழகான தோற்றம் அதில் ஒரு பகுதிதான்.

கதவும் அடுப்பும்

இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் பெயர் அமெரிக்க உளவியல் அறிஞர் டோனல்ட் நார்மன். அன்றாடப் பொருட்களின் உளவியல் பற்றி 1988ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூல் இன்றும் வடிவமைப்பு மாணவர்கள் படிக்கும் நூலாக இருக்கிறது. அவர் எடுத்துக்காட்டுவது ராக்கெட்டை அல்ல, கதவை.

கடை ஒன்றின் கண்ணாடிக் கதவில் கைப்பிடி இருக்கிறது. கைப்பிடியைக் கண்டதும் கை தானாக இழுக்கிறது. கதவு திறக்கவில்லை. பிறகுதான் 'தள்ளு' என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். தள்ள வேண்டிய பக்கத்தில் கைப்பிடிக்குப் பதிலாக ஒரு தட்டையான தகடு இருந்திருந்தால் எழுத்தே தேவைப்பட்டிருக்காது. பொருளின் வடிவமே நமக்கு வழி சொல்ல வேண்டும். கதவைத் திறப்பதற்கே ஒரு விளக்கப் பலகை வேண்டுமென்றால், அந்தக் கதவில்தான் கோளாறு.

நம் வீட்டு அடுப்பையும் பாருங்கள். நான்கு முனைகள் சதுரமாக இருக்கும். அவற்றின் திருகுகள் ஒரே வரிசையில் இருக்கும். எந்தத் திருகு எந்த முனைக்கு? பல ஆண்டுகள் சமைத்தவர்கூட அவசரத்தில் மாற்றித் திருப்பிவிடுகிறார். திருகுகளையும் முனைகளைப் போலவே அமைத்திருந்தால் இந்தக் குழப்பம் வராது.

கதவிலும் அடுப்பிலும் இது சிறு தொல்லையோடு போய்விடும். எல்லா இடத்திலும் அப்படியல்ல. 1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் தேதி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் விபத்து ஏற்பட்டது. மூட வேண்டிய ஓர் அடைப்பிதழ் மூடாமல் சிக்கிக்கொண்டது. ஆனால், அது மூடிவிட்டது என்று ஊழியர்கள் எண்ணும்படி கட்டுப்பாட்டு அறையில் விளக்கு அணைந்தது. 'மூடு' என்ற கட்டளை போய்விட்டதை மட்டுமே அந்த விளக்கு காட்டியது. உண்மையில் மூடியதா என்பதை அது காட்டவில்லை. இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. அணு உலையின் ஒரு பகுதி உருகியது.

பழி முதலில் ஊழியர்கள்மேல் விழுந்தது. அவர்கள் ஏன் தவறினார்கள் என்று ஆராய அழைக்கப்பட்டவர்களில் நார்மனும் ஒருவர். அந்த அறையின் அமைப்பே மனிதனைத் தவறச் செய்யும் விதத்தில் இருந்தது என்பதுதான் அவர்கள் கண்டது. ஊழியர்களுக்கே இந்த நிலை என்றால், மருந்தகத்தில் நின்ற அந்த அம்மாவைக் குறை சொல்வது எப்படி?

உணர்வுக்கு என்ன வேலை?

பொருள் எளிதாக இருந்தால் போதும் என்றுதான் நார்மனும் தொடக்கத்தில் வலியுறுத்தினார். பிறகு தம் நூலில் உணர்வை விட்டுவிட்டதை அவரே ஒப்புக்கொண்டு, அதைப் பற்றி இன்னொரு நூல் எழுதினார். அது 2004ஆம் ஆண்டில் வெளியானது.

அவர் மூன்று படிகளைச் சொல்கிறார். பார்த்தவுடன் எழும் விருப்பு வெறுப்பு முதல் படி. பயன்படுத்தும்போது கிடைக்கும் மனநிறைவு அல்லது எரிச்சல் இரண்டாவது. பின்னர் நினைத்துப் பார்க்கும்போது அந்தப் பொருள் நமக்குத் தரும் பொருளும் பெருமையும் மூன்றாவது. பாட்டி விட்டுச் சென்ற பித்தளைக் குத்துவிளக்கைவிடப் பளபளப்பான விளக்குகள் கடையில் உண்டு. என்றாலும், நாம் எதைப் பத்திரப்படுத்துகிறோம்? அதுதான் மூன்றாவது படி.

ஜப்பானில் மசாகி குரோசு, காவோரி காஷிமுரா என்ற இரு ஆய்வாளர்கள் 1995இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பணம் எடுக்கும் இயந்திரத்தின் திரையை 26 விதமாக அமைத்து மக்களிடம் காட்டினார்கள். அழகாகத் தோன்றியவற்றையே மக்கள் பயன்படுத்த எளிதானவை என்றும் மதிப்பிட்டார்கள். இது ஜப்பானியருக்கு மட்டும் உரிய குணமாக இருக்கலாம் என்று ஐயுற்ற நோம் டிராக்டின்ஸ்கி என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் அதைச் செய்து பார்த்தார். அங்கேயும் அதே முடிவு, இன்னும் அழுத்தமாக வந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மனம் இதமாக இருக்கும்போது ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழியைத் தேடுகிறோம். பயத்திலும் பதற்றத்திலும் மனம் குறுகிவிடுகிறது. திறக்காத கதவையே மேலும் மேலும் பலமாகத் தள்ளுகிறோம். அந்த அம்மாவும் அதைத்தான் செய்தார். பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது, விரலை இன்னும் அழுத்துவதைத் தவிர அவருக்கு வேறு வழி தோன்றவில்லை.

அழுத குழந்தை

உணர்வைப் புரிந்துகொண்டால் என்ன செய்ய முடியும்? டக் டீட்ஸ் என்பவரின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. இவர் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் எம்ஆர்ஐ போன்ற மருத்துவக் கருவிகளை வடிவமைத்தவர். தாம் உருவாக்கிய கருவியைப் பெருமையோடு பார்க்க மருத்துவமனைக்குச் சென்றபோது, ஒரு சிறுமி பெற்றோரின் கையைப் பற்றிக்கொண்டு அழுதபடி வருவதைக் கண்டார். அவருக்கு அழகாகத் தெரிந்த கருவி, அந்தக் குழந்தைக்குப் பூதமாகத் தெரிந்தது. எம்ஆர்ஐ சோதனையில் பெரும் சத்தத்திற்கு நடுவே ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பயந்த குழந்தைகள் பலருக்கு மயக்க மருந்து கொடுத்தே சோதனை நடந்து வந்ததையும் அவர் அறிந்தார்.

அவர் இயந்திரத்தின் உட்பகுதியை மாற்றவில்லை. குழந்தையின் அனுபவத்தை மாற்றினார். பிட்ஸ்பர்க் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் அறை முழுவதும் கடற்கொள்ளையர் கப்பலாக மாறியது. ஊழியர்கள் குழந்தைக்கு ஒரு கதை சொல்லி அழைத்துச் சென்றார்கள். "அசையாதே" என்ற அதட்டல், கதைக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. மயக்க மருந்து தேவைப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. அதே காந்தம், அதே சத்தம். குறைந்தது பயம் ஒன்றுதான்.

நம் ஊரிலும் உண்டு

இந்த எண்ணம் சிங்கப்பூரில் நாம் நடக்கும் சாலையிலேயே இருக்கிறது. 2009ஆம் ஆண்டில் நிலப் போக்குவரத்து ஆணையம், மூத்தோர் சாலையைக் கடக்கக் கூடுதல் நேரம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. விளக்குக் கம்பத்தில் உள்ள கருவியில் மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைக் காட்டினால், சாலையின் அகலத்திற்கேற்பப் பச்சை மனிதன் 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாக ஒளிரும். மற்றவர்களுக்கு அது சில விநாடிதான். முழங்கால் வலியோடு பாதிச் சாலையில் நிற்பவருக்கோ, அதுதான் வீட்டிலேயே அடைந்து கிடப்பதற்கும் வெளியே வருவதற்கும் உள்ள வேறுபாடு.

காத்திருப்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும் என்று டேவிட் மைஸ்டர் 1985இல் எழுதினார். பேருந்து நிறுத்தத்தில் "இன்னும் 6 நிமிடம்" என்று பார்த்ததும் நம் மனம் அடங்குகிறது. பேருந்து ஒரு விநாடிகூட முன்னதாக வரப்போவதில்லை. நம் தவிப்புத்தான் தணிந்திருக்கிறது.

முதுமை மறதி நோய் உள்ளவர்கள் வழியைக் கண்டுபிடிக்க உதவும் வகையில், தோ பாயோ பேருந்து முனையத்தில் பழைய காலத்தை நினைவூட்டும் ஓவியங்கள் தீட்டப்பட்டன. எழுத்தும் எண்ணும் மறந்தாலும், சிறுவயதில் கண்டது மனத்தில் நிலைக்கக்கூடும். அந்த நினைவே வழிகாட்டியாகிறது.

நம் மொழியைப் பற்றியும் ஒரு சொல். திரையில் தமிழ் இருந்தால் மட்டும் போதாது. யாரும் பேசாத, படித்தாலும் புரியாத தமிழை அங்கே போட்டால், "என் மொழியே எனக்குப் புரியவில்லையே" என்று முதியவர் மேலும் குன்றிப்போவார். புரியும் தமிழோ, "உங்களை நாங்கள் நினைத்துப் பார்த்தோம்" என்று சொல்கிறது.

உணர்வை அறிந்தவர்கள் அதை வைத்து நம்மை ஏமாற்றவும் கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது. "இன்னும் இரண்டே உள்ளன", "பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்று இணையக் கடைகள் காட்டுவது நம் பதற்றத்தைக் குறிவைத்துத்தான். நல்ல வடிவமைப்பு பயத்தைத் தணிக்கும், பயத்தைக் காசாக்காது.

நாம் செய்யக்கூடியது

பொருளைச் செய்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். விற்பனைக்கு விடும் முன் உங்கள் அம்மாவிடம் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் தயங்கும் இடமெல்லாம் நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று. "இதுகூடத் தெரியாதா?" என்று கைத்தொலைபேசியைப் பிடுங்கி நாமே செய்துகொடுக்கிறோம். வேலை முடிந்துவிடும், அவர்களது தன்னம்பிக்கையும் சேர்ந்து முடிந்துவிடும். கேட்கக் கூச்சப்பட்டே மருந்தகத்திற்குப் போவதைத் தள்ளிப்போடும் முதியவர்கள் நம்மிடையே உண்டு. பொறுமையாக ஒரு முறை காட்டிவிட்டு, அடுத்த முறை அவர்கள் விரலாலேயே செய்ய விடுங்கள்.

அன்று அந்த இளைஞர் அதைத்தான் செய்தார். "பாட்டி, நீங்க தப்பா எதுவும் செய்யல. இந்தப் பட்டன் சரியான இடத்துல இல்ல" என்று சொல்லி, அவர் விரலாலேயே அழுத்த வைத்தார். வரிசை எண் வந்தது. அந்த அம்மா சிரித்தபடி சீட்டை எடுத்துக்கொண்டு நாற்காலியை நோக்கி நடந்தார்.