பேஸ் கிற்றாருக்கு எவ்வளவு இறுகிய கம்பி?

பாடுபவரின் குரல் எட்டாவிட்டால் இசைக்குழு சுருதியை இறக்கும். கீபோட்டுக்கு ஒரு பொத்தான் போதும். பேஸ் கிற்றாரில் பலர் முறுக்காணியைத் திருப்பிக் கம்பிகளையே தளர்த்திவிடுகிறார்கள். அரைக்கட்டை இறக்கினால் சமாளிக்கலாம். ஒரு கட்டை இறக்கினால் தடித்த ஈ கம்பி தொய்ந்து, மெட்டுகளில் அடிபட்டுக் கரகரக்கும். கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ மேடையில் நாலு பாட்டு வாசித்தவருக்கு இந்தக் கரகரப்பு பழக்கமானதுதான். "தடித்த கம்பியாகப் பார்த்துப் போடு" என்பதே வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனை. அது பாதி சரி.

ஒரு கம்பியின் சுருதியை மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன: அதன் நீளம், மீற்றருக்கு எத்தனை கிராம் என்ற எடை, அதன் மீதுள்ள இழுவிசை. மரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1630களிலேயே இந்தக் கணக்கை எழுதி வைத்துவிட்டார். பேஸ் கிற்றாரில் நீளம் நம் கையில் இல்லை. லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது வைத்த 34 அங்குலமே இன்றும் பெரும்பாலான கிற்றார்களின் அளவு. சுருதியும் நம் கையில் இல்லை. ஈ கம்பி வினாடிக்கு 41.2 தடவை அதிர வேண்டும். முறுக்காணியை மேலும் முறுக்கினால் இழுவிசையோடு சுருதியும் ஏறிவிடும். ஆகவே சுருதி மாறாமல் இழுவிசை கூடவேண்டுமானால் கம்பியின் எடை கூடவேண்டும். வேறு வழியே கிடையாது.

கணக்குப் பார்ப்போம். கம்பியின் தடிப்பை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கால் அளப்பது வழக்கம். சாதாரணக் கம்பிக் கட்டில் வரும் 105 அளவு ஈ கம்பி மீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் எடை. அதைச் சரியான சுருதிக்கு ஏற்ற 18 கிலோ அளவுக்கு இழுக்கவேண்டும். நாலு கம்பியும் சேர்ந்தால் கழுத்தின் மீது விழும் இழுவை 80 கிலோவைத் தொடும். ஒரு வளர்ந்த ஆளின் எடையை அந்த ஒல்லியான மரத்துண்டு இரவும் பகலும் தாங்கிக்கொண்டிருக்கிறது.

சுருதியை இறக்கும்போது இழுவிசை அதைவிட வேகமாக விழுகிறது. அரைக்கட்டைக்குப் பதினொரு வீதம், ஒரு கட்டைக்கு ஏறத்தாழ 21 வீதம். 18 கிலோவில் நின்ற ஈ கம்பி பதினாலரைக்கு வந்துவிடும். கம்பி தொய்வாக நிற்பதால் அதே பலத்தோடு தட்டினாலும் அகலமாக வீசி ஆடுகிறது, மெட்டைத் தொடுகிறது. 110 அளவுக் கம்பி போட்டால் சாதாரண சுருதியில் 20 கிலோ, ஒரு கட்டை இறக்கினால் 16. பழைய 18 கிலோவே வேண்டுமென்றால் 118, அதாவது கடையில் கிடைக்கும் 120க்குப் போகவேண்டும். வழமையாகச் சுருதி இறக்கி வாசிப்பவருக்கு இழுவிசை கூடிய கட்டு ஆடம்பரமல்ல, தேவை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் பெட்டியில் எழுதிய தடிப்பு இழுவிசையைச் சொல்லிவிடாது. பேஸ் கம்பி ஒரே உருக்குக் கம்பியல்ல. அதே 35 கிராமுக்கு ஒற்றைக் கம்பியாகச் செய்தால் 2.4 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புக் கோல்தான் கிடைக்கும். அதை முறுக்காணியில் சுற்றவும் முடியாது, அதில் சுத்தமான நாதமும் வராது. அதனால் மெல்லிய நடுக்கம்பியின் மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றி எடையை ஏற்றுகிறார்கள். நடுக்கம்பி எவ்வளவு தடிப்பு, வட்டமா அறுகோணமா, மேற்சுற்று உருண்டையா தட்டையா என்பதைப் பொறுத்து ஒரே தடிப்புள்ள இரண்டு கம்பிகள் கையில் வேறு வேறாக இருக்கும். தட்டைச் சுற்றுக் கம்பிகளையே எடுங்கள். ஒஸ்ரியாவின் தோமஸ்டிக் நிறுவனத்தின் ஜாஸ் கட்டு மிருதுவானது, இழுவிசை குறைந்தது என்று பெயரெடுத்தது. அமெரிக்காவின் லா பெல்லா செய்யும் 52 முதல் 110 வரையான கட்டு அதற்கு நேரெதிர், விரலை வேலை வாங்கும்.

அந்த லா பெல்லா கட்டோடு பிரிக்கமுடியாத பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ரோயிற் நகரின் மோடவுன் ஒலிப்பதிவுகளில் 1960களில் பேஸ் வாசித்தவர். இறுகிய தடித்த தட்டைக் கம்பிகள், மெட்டிலிருந்து நல்ல உயரம், வாசிப்பது வலக்கையின் ஒரே ஆட்காட்டி விரலால். கம்பியை மாற்றவே விரும்பமாட்டார். அடித்தொனி திரண்டு நிற்கும், உலோகச் சத்தம் இருக்காது. 1966இல் பேஸ் கலைஞர் ஜோன் என்ட்விசில் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து உருண்டைச் சுற்றுக் கம்பியைச் செம்மைப்படுத்தியபோது வேறொரு பாதை திறந்தது: பியானோவைப் போன்ற கணீரென்ற ஒலி. இன்று கடையில் கேட்டவுடன் கிடைப்பது இந்த இரண்டாம் வகைதான்.

நம் கரையில் வாசிக்கப்படும் இசைக்கு எது பொருத்தம்? கிற்றார் இங்கே நேற்று வந்ததல்ல. மட்டக்களப்பிலும் அக்கரைப்பற்றிலும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியரின் கப்ரிஞ்ஞா ஆட்டத்தில் வயலினோடு சேர்ந்து அது ஒலித்திருக்கிறது. அதிலிருந்து கிளைத்த பைலாவின் ஆறு எண்ணிக்கைத் தாளத்துக்கு பேஸ் ஒவ்வொரு அடியிலும் தெளிவாக விழுந்து உடனே அடங்கவேண்டும். இறுகிய கம்பி அதற்கு நன்றாகவே ஒத்துழைக்கும். இளையராஜாவின் பாடல்களில் சசிதரனும் ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸும் வாசித்த பேஸ் வேறு வகை. அங்கே பேஸே ஒரு தனிப் பாட்டாக வழுக்கி, வளைந்து ஓடுகிறது. அதை மேடையில் அப்படியே எடுக்க முயல்பவருக்கு மிஞ்சிய இறுக்கம் விரல் நோவைத்தான் தரும். மருதமுனைத் தறியில் பாவு தளர்ந்தால் நெசவு கெடும், மிஞ்சி இறுகினால் இழை அறும். கம்பிக்கும் அப்படி ஓர் அளவு உண்டு.

கம்பியை மாற்றுமுன் கழுத்தைப் பாருங்கள். கூடுதல் இழுவை கழுத்தை முன்பக்கமாக வளைக்கும். அதை எதிர்த்து நிற்கத்தான் உள்ளே ஓர் உலோகத் தண்டு ஓடுகிறது. அதன் மரையைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பக்கூடாது. திருப்பிவிட்டு ஒரு நாள் விட்டுப் பார்க்கவேண்டும். தண்டு ஏற்கெனவே இறுகி முட்டிப்போன பழைய கிற்றாருக்கு இழுவிசை கூடிய கம்பிகள் வேண்டவே வேண்டாம். தடித்த கம்பி கழுத்தின் தலைப்பக்கமுள்ள நட்டின் பள்ளத்தில் உட்காராவிட்டால் பள்ளத்தை நுண்ணிய அரத்தால் விரிக்கவேண்டும். குதிரையிலுள்ள தாங்கிகளை நகர்த்திச் சுரத்தையும் மறுபடி சரிபார்க்கவேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் மரம் உலர்கிறது, மாரியில் ஈரத்தை இழுக்கிறது. இரண்டு பருவத்துக்கும் ஒரே அமைப்பு நிற்காது என்பதை இந்தப் பக்கத்தில் கிற்றார் வைத்திருப்பவர் கணக்கில் எடுத்தாகவேண்டும்.

உப்புக்காற்று இன்னொரு பகை. வியர்வையும் உப்பும் உருண்டைச் சுற்றின் இடுக்குகளில் புகுந்தால் ஒலி மங்கும், பிறகு துருவேறும். துருப்பிடிக்காத உருக்குக் கம்பி அதிகம் தாங்கும். ஆனால் மெட்டுகளைச் சற்று வேகமாகத் தேய்க்கும். நிக்கல் பூச்சுள்ளது கைக்கு இதமானது, பூச்சுத் தேய்ந்தபின் துரு பிடிக்கும். தட்டைச் சுற்றில் அழுக்குப் புக இடம் குறைவு. விலை அதிகமானாலும் பல ஆண்டுகள் உழைக்கும். கடலோரத்துக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். எதைப் போட்டாலும் வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைக்கவேண்டும்.

முழுக் கட்டையும் தடித்ததாக வாங்கவேண்டும் என்றில்லை. சாதாரணக் கட்டில் நாலு கம்பியின் இழுவிசையும் சமமல்ல. டி கம்பி 23 கிலோ அளவில் இறுகி நிற்க, ஈ கம்பி பதினெட்டில் தளர்ந்து கிடக்கும். இதைச் சரிக்கட்டி டடாரியோ நிறுவனம் 45, 60, 80, 107 என்ற சம இழுவிசைக் கட்டொன்றை விற்கிறது. தனிக் கம்பி கிடைத்தால் ஈயையும் ஏயையும் மட்டும் ஒரு படி தடித்ததாக மாற்றிப் பார்க்கலாம். கழுத்துக்கும் பாரம் குறைவு, காசும் மிச்சம். சுருதி இறக்காமல், மென்மையாகத் தட்டி வாசிப்பவர் 45 முதல் 105 வரையான கட்டிலேயே இருக்கலாம்.