ஒரு பிரதேசத்தின் பங்கை மதிப்பிடல்: வரி வருமானமும் அரச செலவினமும்

"வடக்கு செலுத்தும் வரி சொற்பம், பெறுவதோ அதிகம்" என ஒருவர் கூறுவார். மற்றொருவர் அதற்கு நேர்மாறாகக் கூறுவார். இருவரும் புள்ளிவிபரம் காட்டுவர். மாணவர்களே, இத்தகைய கூற்றை ஏற்கவோ மறுக்கவோ முன்னர், அது எவ்வாறு கணிக்கப்பட்டது என வினவுதல் வேண்டும். முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையோரக் கிராமமான நாயாற்றை உதாரணமாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

1. வரி வருமானத்தில் பங்கு

நாயாற்றிலுள்ள ஒரு குடும்பம் கடையில் சவர்க்காரம் வாங்குகின்றது. அதன் விலையில் பெறுமதி சேர் வரி அடங்கியுள்ளது (2024 ஜனவரி முதல் 18%). ஆனால் அவ்வரியை உண்ணாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்துவது பெரும்பாலும் கொழும்பிலோ அதன் அண்மையிலோ உள்ள நிறுவனமாகும். எனவே வரி பதியப்படும் இடம் வேறு, அதன் சுமையைத் தாங்குவோர் வாழும் இடம் வேறு. துறைமுகத்தில் அறவிடப்படும் சுங்கத் தீர்வைக்கும் இது பொருந்தும். இலங்கையின் வரி வருமானத்தில் பெரும்பகுதி நேரில் வரிகளே என்பதால் இவ்வேறுபாடு முக்கியமானது.

இதனால் இரு முறைகள் உள்ளன.
(அ) சேகரிப்பு முறை: வரி எங்கு செலுத்தப்பட்டது?
(ஆ) வரிச்சுமை முறை: வரியை இறுதியில் தாங்கியவர் எங்கு வாழ்கின்றார்?

உதாரணம் (கற்பனைத் தொகைகள்): நாட்டின் பெறுமதி சேர் வரி வருமானம் ரூபா 500,000 மில்லியன் என்க. ஒரு மாகாணத்திலுள்ள அலுவலகங்களில் செலுத்தப்பட்டது ரூபா 2,000 மில்லியன். நாட்டின் மொத்த நுகர்வில் அம்மாகாணத்தின் பங்கு 4%.

சேகரிப்பு முறை: 2,000 ÷ 500,000 × 100 = 0.4%
வரிச்சுமை முறை: 4% (அதாவது ரூபா 20,000 மில்லியன்)

ஒரே மாகாணம், ஒரே ஆண்டு. விடைகளோ பத்து மடங்கு வேறுபடுகின்றன. வரிச்சுமை முறையும் ஒரு மதிப்பீடே. ஏழைக் குடும்பங்கள் வரிவிலக்குப் பெற்ற பொருட்களைக் கூடுதலாக நுகர்ந்தால் உண்மைப் பங்கு 4% இலும் குறையலாம்.

2. அரச செலவினத்தில் பங்கு

நாயாற்றைச் சென்றடையும் அரச பணம் மூன்று வழிகளில் வரும்: மத்திய அமைச்சுகள், வட மாகாண நிருவாகம், கரைதுறைப்பற்றுப் பிரதேச சபை. மத்திய அரசு மாகாணத்துக்கு வழங்கும் மானியத்தையும், மாகாணம் அதே பணத்தில் செய்த செலவையும் கூட்டினால் ஒரே தொகை இருமுறை கணக்கிடப்படும். இது பொதுவான தவறாகும்.

அடுத்து, பாதுகாப்பு, அரச கடன் வட்டி போன்றவற்றை எந்தப் பிரதேசத்துக்கு உரியன எனக் கூறுதல் கடினம்.

உதாரணம் (கற்பனைத் தொகைகள்): மொத்தச் செலவினம் ரூபா 1,000,000 மில்லியன். இதில் பிரதேச ரீதியாகப் பிரிக்கக் கூடியது ரூபா 600,000 மில்லியன். மாகாணத்துக்குக் கிடைத்தது ரூபா 36,000 மில்லியன்.

பிரிக்கக்கூடிய செலவினத்தில்: 6%
மொத்தச் செலவினத்தில்: 3.6%

2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகையில் வட மாகாணத்தின் பங்கு ஏறத்தாழ 5.2% (1,061,315 பேர்). மேற்படி தொகைகள் அம்மாகாணத்துக்கு உரியனவாயின், முதல் விடையைக் கொண்டு "கூடுதலாகப் பெறுகின்றது" எனவும், இரண்டாவதைக் கொண்டு "குறைவாகப் பெறுகின்றது" எனவும் வாதிடலாம். இரு கணிப்பும் சரியே. பகுதியெண் மட்டுமே மாறியுள்ளது.

3. எதனுடன் ஒப்பிடுவது?

சனத்தொகையும் எளிய அளவுகோல் அன்று. 2001 குடிசன மதிப்பீடு முல்லைத்தீவில் நடத்தப்படவில்லை. 1981 இன் பின்னர் 2012 இலேயே அங்கு முழுமையாக மக்கள் எண்ணப்பட்டனர். இடைப்பட்ட மூன்று தசாப்தங்களுக்கும் தலைக்குரிய செலவைக் கணித்தவர்கள் மதிப்பிட்ட தொகையையே பயன்படுத்த வேண்டியிருந்தது. மேலும், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கரையிலிருந்து வந்து நாயாற்றில் வாடி அமைக்கும் கடற்றொழிலாளர் இங்குள்ள வீதியைப் பயன்படுத்தினும், தமது சொந்த மாவட்டத்தின் சனத்தொகையிலேயே சேர்வர்.

2012 இல் முல்லைத்தீவில் சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 35 பேர் வாழ்ந்தனர். நாடு முழுவதற்கும் இது 300 இலும் அதிகம். மாவட்டத்தில் நாட்டின் மக்களில் 0.5% இலும் குறைவானோரே இருந்தனர். ஆனால் நிலப்பரப்பில் அதன் பங்கு ஏறத்தாழ 4%. எனவே தலைக்குச் சமமாகச் செலவிட்டாலும் சமமான வீதியும் பாலமும் கிடையா. இதனாற்றான் அரசியலமைப்பின் 154R உறுப்புரை, மாகாணங்களுக்கு நிதி பகிர்வதில் சனத்தொகையுடன் தலா வருமானத்தையும், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வுகளைப் படிப்படியாகக் குறைக்கும் தேவையையும் கவனிக்குமாறு நிதி ஆணைக்குழுவைப் பணிக்கின்றது.

நினைவிற் கொள்க
• எந்த ஆண்டு? ஒதுக்கிய தொகையா, செலவிட்ட தொகையா?
• வரி: சேகரித்த இடமா, சுமை தாங்கிய இடமா?
• செலவு: பகுதியெண் எது? இருமுறை கணக்கிடப்பட்டதா?
• ஒப்பீடு: சனத்தொகையா, நிலப்பரப்பா, தேவையா?

மாதிரி வினா: "வரியில் 0.4% செலுத்தும் மாகாணம் செலவினத்தில் 6% பெறுகின்றது." இக்கூற்றை ஆராய்க.

விடைக் குறிப்பு: வரிக்குச் சேகரிப்பு முறையும், செலவுக்குப் பிரிக்கக்கூடிய செலவினம் மட்டும் பகுதியெண்ணாகவும் கொள்ளப்பட்டுள்ளன. இரண்டும் மாகாணம் கூடுதலாகப் பெறுவது போற் காட்டும் தெரிவுகள். வரிச்சுமை முறையில் வரி 4%, மொத்தச் செலவினத்தில் பங்கு 3.6%. எனவே எம்முறையிற் கணிக்கப்பட்டது எனக் கூறாத சதவீதத்தை முடிவாகக் கொள்ளலாகாது.