ஆணையில்லாத் தலைமை

நுழையும்முன்

பதவி இருந்தால்தான் பலரை ஒருங்கிணைத்துப் பணிசெய்ய முடியும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஆயினும், ஆணையிடும் உரிமை சிறிதும் இல்லாதவர்கள் மாபெரும் பணிகளை முடித்துக்காட்டியுள்ளனர். பெரியம்மை உலகிலிருந்து ஒழிக்கப்பட்ட வரலாறு அதற்குச் சான்று. அவ்வரலாற்றின் இந்தியப் பகுதி, தலைமை என்பது எதனால் ஆனது என்பதை விளக்குகிறது.

பொறுப்பு உண்டு, அதிகாரம் இல்லை

பெரியம்மையின் கொடிய வகை தாக்கியவர்களுள் ஏறத்தாழப் பத்துப் பேருக்கு மூவர் இறந்தனர். பிழைத்தவர் பலர் ஆறாத முகவடுக்களுடன் வாழ்ந்தனர். சிலர் பார்வையை இழந்தனர். 1967ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இந்நோயை ஒழிக்கும் தீவிரத் திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்க மருத்துவரான டொனால்டு ஹெண்டர்சன் ஜெனீவாவிலிருந்து அதனை வழிநடத்தினார். எனினும், எந்த நாட்டின் அலுவலரையும் நியமிக்கவோ, இடம் மாற்றவோ, தண்டிக்கவோ அவரால் இயலாது. ஆலோசனை கூறுவதே அந்நிறுவனத்தின் எல்லை.

இந்தியாவில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ள துறையாகும். மாவட்ட மருத்துவ அலுவலர்கள் மாநில அரசுக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆகவே, உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசகர்களும் தில்லியிலிருந்து சென்ற மைய அரசின் மருத்துவர்களும் தம்மை மேலதிகாரியாகக் கருதாத பல்லாயிரம் பணியாளர்களைக் கொண்டே பணியாற்ற வேண்டியிருந்தது.

மாறிய அளவுகோல்

அதுவரை திட்டத்தின் வெற்றி, போடப்பட்ட தடுப்பூசிகளின் எண்ணிக்கையால் அளக்கப்பட்டது. எண்ணிக்கை கோடிகளைத் தாண்டியும் நோய் நீங்கவில்லை. 1966ஆம் ஆண்டின் இறுதியில் நைஜீரியாவில் தடுப்பூசி மருந்து போதாத நிலையில், வில்லியம் ஃபேகி என்னும் மருத்துவர் வேறு வழியை மேற்கொண்டார். நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்களைச் சூழ்ந்துள்ளோருக்கு மட்டும் விரைந்து தடுப்பூசி போடச் செய்தார். பரவல் நின்றது. சென்னையில் மருத்துவர் ஏ. ஆர். ராவ் நடத்திய ஆய்வுகளும், நோய் பெரும்பாலும் வீட்டில் நெருங்கிப் பழகுவோரிடையே பரவுகிறது என்பதைக் காட்டின.

இதனால், ‘எத்தனை ஊசி போட்டீர்கள்?’ என்னும் கேள்வி, ‘நோய் எங்கே இருக்கிறது?’ என்று மாறியது. அதிகாரமற்ற தலைமைக்கு இத்தகைய தெளிவான கேள்வியே முதல் கருவி. அனைவரும் ஒரே கேள்விக்கு விடை தேடும்போது, ஒருவரை ஒருவர் ஏவவேண்டிய தேவை குறைகிறது.

உண்மைக்கு இடம்

1973ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பீகார், உத்தரப்பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களில் வீடுவீடாகத் தேடும் பணி தொடங்கியது. அறிக்கைகளில் இடம்பெறாத ஆயிரக்கணக்கான நோயாளிகள் கண்டறியப்பட்டனர். எண்ணிக்கை கூடினால் தம்மீது பழி வரும் என அஞ்சிய அலுவலர் பலர் முன்பு உண்மையை மறைத்திருந்தனர். அவர்களைக் கண்டிக்கும் உரிமை ஆலோசகர்களுக்கு இல்லை. கண்டித்திருந்தால் மறைத்தல் மேலும் வளர்ந்திருக்கும். எனவே, நோயாளியைக் கண்டறிவது தோல்வியன்று, வெற்றியின் தொடக்கம் என்னும் மனநிலையை அவர்கள் உருவாக்கினர். மாதந்தோறும் கூடிய ஆய்வுக்கூட்டங்களில் ஒவ்வொரு மாவட்டத்தின் நிலையும் அனைவர் முன்னும் வைக்கப்பட்டது. ஆலோசகர்கள் அலுவலகத்தில் அமர்ந்திராமல் புழுதிச் சாலைகளில் பயணம் செய்து, பணியாளர் கூறியவற்றை நேரில் சரிபார்த்தனர்.

தெரிந்து தெளிவோம்

பெரியம்மை தாக்கிய குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையைத் தேடற் பணியாளர்கள் எடுத்துச் சென்றனர். பள்ளிகளிலும் சந்தைகளிலும் அதனைக் காட்டி, இத்தகைய நோயாளியைக் கண்டதுண்டா என வினவினர். மாணவர்கள் கூறிய செய்திகளால் பல நோயிடங்கள் வெளிப்பட்டன. நோயாளியைப் பற்றித் தெரிவிப்போருக்கான பரிசுத்தொகை படிப்படியாக 1000 ரூபாய் வரை உயர்த்தப்பட்டது.

தீப்பற்றிய வீடு

1974ஆம் ஆண்டின் கோடையில் பீகாரில் நோய் உச்சத்தை எட்டியது. அவ்வாண்டு இந்தியாவில் ஏறத்தாழ 1,88,000 பேர் பாதிக்கப்பட்டனர். 31,000 பேருக்கு மேல் உயிரிழந்தனர். புதிய முறை பயன்தரவில்லை எனக் கருதிய மாநிலச் சுகாதார அமைச்சர், அனைவருக்கும் தடுப்பூசி போடும் பழைய முறைக்குத் திரும்பவேண்டும் என்று ஆய்வுக்கூட்டத்தில் அறிவித்தார். அப்போது பீகாரில் பணியாற்றிய ஃபேகி தம் கருத்தை எடுத்துரைத்தும் அமைச்சர் ஏற்கவில்லை. அதனைத் தடுக்கும் அதிகாரம் ஃபேகிக்கு இல்லை.

அந்நேரத்தில் இளம் இந்திய மருத்துவர் ஒருவர் எழுந்தார். தம் ஊரில் ஒரு வீடு தீப்பற்றினால், எல்லா வீடுகளின்மீதும் நீர் ஊற்றுவதில்லை. எரியும் வீட்டின்மீதே ஊற்றுவர் என்னும் பொருள்படப் பேசினார். அமைச்சர் மேலும் ஒரு மாதம் அவகாசம் அளித்தார். அடுத்த கூட்டத்திற்குள் புதிய நோயாளிகளின் எண்ணிக்கை குறையத் தொடங்கியிருந்தது. வெளிநாட்டு வல்லுநரின் சான்றுகள் செய்ய முடியாததை, அந்த மண்ணைச் சேர்ந்தவரின் எளிய உவமை செய்தது. களப்பணியாளர் முறையின் காரணத்தைப் புரிந்து, அதனைத் தமதாக்கிக்கொண்டிருந்ததால்தான் அக்குரல் எழுந்தது.

வற்புறுத்தலின் விளைவு

இவ்வரலாற்றில் நிழலும் உண்டு. அவசரத்தின் பெயரால் சில இடங்களில் மக்கள் விருப்பத்திற்கு மாறாகத் தடுப்பூசி போடப்பட்டது. அது மக்களிடையே ஐயத்தையும் எதிர்ப்பையும் வளர்த்தது. ஒருவரைப் பணிய வைப்பது வேறு. உடன்படச் செய்வது வேறு என்பதற்கு இதுவும் சான்றாகும்.

விளைந்த பயன்

1975ஆம் ஆண்டு மே மாதத்திற்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை தோன்றவில்லை. 1977இல் சோமாலியாவில் இயற்கையாகப் பரவிய கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். 1980ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், உலகம் பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது.

பலர் கூடிச் செய்யும் பணி எதுவாயினும் அதிகாரம் எல்லா இடத்திற்கும் எட்டுவதில்லை. வகுப்பறைச் செயல்திட்டத்திலும் உடன் பயிலும் மாணவர்க்கு ஆணையிடும் உரிமை எவர்க்கும் இல்லை. அங்கும் தெளிவான இலக்கு, உண்மையைக் கூறுவோருக்குப் பாதுகாப்பு, உடனிருந்து உழைத்தல், பிறர் குரலுக்குச் செவிசாய்த்தல் ஆகியவையே பணியை முன்னெடுத்துச் செல்கின்றன. இவை பதவியால் வருவன அல்ல; பழகிப் பெறத்தக்கவை.

கற்பவை கற்றபின்

1. ஆய்வுக்கூட்டத்தில் இளம் மருத்துவர் பேசாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? குழுவாகக் கலந்துரையாடுக.
2. உங்கள் பகுதியில் பதவியின்றிப் பொதுப்பணி ஆற்றும் ஒருவரைச் சந்தித்து, அவர் பிறரை ஒருங்கிணைக்கும் முறையைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.