மூச்சை எண்ணும் செவிலியர்

நோயாளியின் அருகே நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, அவருடைய மார்பு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று செவிலியர் எண்ணுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். மிகச் சாதாரணமான வேலை என்று அது தோன்றும். ஆனால் அந்த எண்ணிக்கைக்கு ஓர் உயிரைக் காக்கும் ஆற்றல் உண்டு. காசநோயால் வாடுவோரில் யார் உடனடி ஆபத்தில் இருக்கிறார்கள் என்பதை இத்தகைய எளிய அளவுகளைக் கொண்டே கண்டறியலாம் என்று தமிழ்நாட்டில் நடைபெற்றுவரும் பணி காட்டியிருக்கிறது. அதன் அறிவியலை இக்கட்டுரையில் காண்போம்.

துறைமுகக் கரையில் ஒரு பழைய நோய்

சென்னைக்கு வடக்கே, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாற்றின் உப்பங்கழியும் சூழ அமைந்துள்ள ஊர் காட்டுப்பள்ளி. நெடுங்காலமாக மீனவர் வாழும் கரை இது. இதன் தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001ஆம் ஆண்டிலும், காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் 2010இல் இங்கு வந்தது. அனல்மின் நிலையங்களும் சரக்குப் பெட்டக முனையங்களும் நிறைந்த இப்பகுதிக்கு ஒப்பந்தத் தொழிலாளர் பலர் வெளியூர்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வருகின்றனர்.

காசநோய் காற்றின் வழியே பரவும் நோய். ஒரே அறையில் பலர் நெருங்கிப் படுத்துறங்கும் இடம், காற்றோட்டம் குறைந்த இடம், வயிறு நிறைய உணவில்லாத உடல், நீரிழிவு, புகைபிடித்தல், சிலிக்காத் தூசு ஆகியவை இந்நோய்க்குத் துணை நிற்பவை. தொழிற்பகுதிகளில் இவற்றுள் பலவும் ஒன்றுசேர்வது எளிது.

இன்னொரு துன்பமும் உண்டு. காட்டுப்பள்ளியிலிருந்து இராயபுரத்தையடுத்த ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. நாட்கூலி பெறுபவர் மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே ‘வெறும் சளிதானே’ என்று வாரக்கணக்கில் இருமலோடு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. நோய் முற்றிய பிறகே அவர்கள் மருத்துவரை நாடுகிறார்கள்.

காசநோயைக் குணப்படுத்த நல்ல மருந்துகள் இருக்கின்றன. இருந்தும் 2023ஆம் ஆண்டில் இந்தியாவில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயால் இறந்தனர் என உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டது. மருந்து தொடங்கியபின் நேரும் இறப்புகளில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே நேர்கின்றன. மருந்து கிருமியை மெல்லத்தான் ஒழிக்கிறது. உடல் ஏற்கெனவே சிதைந்துவிட்டால் அதுவரை தாங்குவதில்லை.

சென்னை உலகுக்குத் தந்த பாடம்

காசநோயாளியைப் பேணும் முறையில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. 1950களுக்கு முன் காசநோயாளிகளை ஊருக்கு வெளியே உள்ள சானட்டோரியங்களில் மாதக்கணக்கில் வைத்திருப்பதே வழக்கம். நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமான உணவும் இல்லாமல் நோய் குணமாகாது என்று நம்பினர். ஆனால் நம் நாட்டில் நோயாளிகளோ பல இலட்சம். படுக்கைகளோ சில ஆயிரம்.

1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இதில் கூட்டுச் சேர்ந்தன. நெரிசலான பகுதிகளில் வாழ்ந்த 193 ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானட்டோரியத்திலும், மறு பிரிவினர் தம் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளை உட்கொண்டனர். 1959இல் முடிவு வெளியாயிற்று. நோய் தணிந்தவர்கள் சானட்டோரியத்தில் 92 விழுக்காடு. வீட்டில் 86 விழுக்காடு. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டிலிருந்தவர்கள் குறைவாக உண்டு, கூடுதலாக உழைத்தும் குணமடைந்தனர். சிகிச்சை தொடங்கியபின் அவர்களால் குடும்பத்தாருக்கு வந்த ஆபத்தும் கூடவில்லை.

இந்த ஆய்வைத் தாங்கி நின்றவர்களில் பொதுநலச் செவிலியரும் சுகாதாரப் பார்வையாளரும் உண்டு. அவர்கள் முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்றனர். மீதமிருந்த மாத்திரைகளை எண்ணினர். மருந்து உட்கொண்டதை உறுதிசெய்யச் சிறுநீரைச் சோதித்தனர். அந்த மையமே இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

வீட்டிலேயே சிகிச்சை என்பது உலகெங்கும் நடைமுறையாயிற்று. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. வீட்டுக்கு அனுப்பக்கூடாத சிலரும் இருப்பார்கள் அல்லவா? அவர்களை எப்படி இனம் காண்பது?

ஐந்து அளவுகள்

2022 ஏப்ரலில் தமிழக அரசு ‘தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ என்பதைத் தொடங்கியது. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இதற்கு அறிவியல் துணை நிற்கிறது. தொடக்கத்தில் சென்னை நீங்கலாகப் பிற மாவட்டங்களில் இது நடைமுறைக்கு வந்தது. காட்டுப்பள்ளி அடங்கிய திருவள்ளூர் மாவட்டமும் அவற்றுள் ஒன்று.

காசநோய் உறுதியானவுடன் செவிலியரோ மற்ற நலப்பணியாளரோ ஐந்து செய்திகளைக் குறிக்கிறார்: உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு விகிதம், இரத்தத்தில் பிராணவாயுவின் நிறைவு, துணையின்றி நிற்கும் திறன். இதற்கு எக்ஸ்ரே வேண்டாம். இரத்தப் பரிசோதனையும் வேண்டாம். எடைப்பொறி, அளவுகோல், கடிகாரம், விரலில் மாட்டும் ஒரு சிறு கருவி ஆகியவை போதும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். இவற்றில் ஏதேனும் ஒன்று ஆபத்தைக் காட்டினால், மருத்துவர் முழுமையாகச் சோதித்து நோயாளியை மருத்துவமனையில் சேர்க்கிறார். நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேர் வரை இவ்வாறு பிரித்தெடுக்கப்படுகின்றனர். மற்றவர்கள் வீட்டிலிருந்தே மருந்து உட்கொள்ளலாம்.

இந்த ஐந்தையும் ஏன் தேர்ந்தெடுத்தனர்?

எடையும் வீக்கமும்

எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல்நிறைக் குறியீடு. இது 18.5க்குக் குறைந்தால் ஊட்டக்குறைவு. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரின் எடை 35 கிலோ என்றால், 35ஐ 2.56ஆல் வகுக்க 13.7 வருகிறது. குறியீடு 14 அல்லது அதற்கும் கீழே இருந்தால் மிகக் கடுமையான ஊட்டக்குறைவு. அவரைச் சேர்த்தே ஆகவேண்டும்.

அதே உயரமுள்ள மற்றொருவரின் எடை 40 கிலோ எனக் கொள்வோம். குறியீடு 15.6. முன்னவரைவிட இவர் மேல் என்று தோன்றும். ஆனால் இவருடைய இரு கால்களும் வீங்கியிருந்தால்? புரதம் குறைந்த உடலில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து திசுக்களில் தேங்கலாம். எடைப்பொறி அந்த நீரையும் சேர்த்தே எடை போடும். உண்மையில் அவர் இன்னும் மெலிந்தவர். வீக்கம் மெலிவை மறைத்துவிட்டது. ஆகவேதான் குறியீடு 14க்கு மேல் 16 வரை இருந்து, இரு கால்களும் வீங்கியிருந்தால் அதுவும் ஆபத்து எனக் கொள்ளப்படுகிறது. செவிலியர் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் சில நொடி அழுத்திப் பார்ப்பார். குழி விழுந்து நின்றால் அது வீக்கம்.

ஒரு நிமிட மூச்சு

ஓய்வாக இருக்கும் வயதுவந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். நுரையீரலின் ஒரு பகுதி சிதைந்தால், எஞ்சிய பகுதி கூடுதலாக உழைக்க வேண்டும், மூச்சு விரைகிறது. 24ஐத் தாண்டினால் ஆபத்து.

எண்ணுவதற்கும் ஒரு முறை உண்டு. நடந்து வந்தவரை முதலில் உட்காரவைத்து ஓய்வு தரவேண்டும். பிறகு ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சுப் பிழை நான்காகிவிடும். ‘உங்கள் மூச்சை எண்ணப்போகிறேன்’ என்று சொல்லிவிட்டால் நோயாளி தம்மையறியாமல் மூச்சை மாற்றிவிடுவார். ஆகையால் நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்தபடியே மார்பைக் கவனிப்பது செவிலியர் கையாளும் உத்தி. பல நாடுகளின் மருத்துவமனைகளில் எண்ணாமலே உத்தேசமாக எழுதப்படும் அளவு இதுதான் என ஆய்வாளர்கள் குறை கூறியுள்ளனர்.

விரல் நுனியில் ஓர் ஒளி

விரலில் மாட்டும் கருவியான பல்ஸ் ஆக்சிமீட்டர், 1970களில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகியின் சிந்தனையில் உருவானது. அது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலின் ஊடே செலுத்துகிறது. பிராணவாயுவை ஏற்ற இரத்தம் சிவப்பு ஒளியைப் பெரிதும் கடந்துபோக விடும்; ஏற்காத இரத்தம் அதை உறிஞ்சிக்கொள்ளும். நாடித் துடிப்புக்கேற்ப மாறும் ஒளியளவை மட்டும் பிரித்துக் கணக்கிட்டு, கருவி விழுக்காட்டைக் காட்டுகிறது. 94க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. குளிர்ந்த விரலும் நகப்பூச்சும் அளவைப் பிழையாக்கக் கூடும். கருமையான தோலில் சிலவேளை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆகவே கருவி நன்றாகக் காட்டுகிறது என்று மூச்சை எண்ணாமல் விடக்கூடாது.

ஐந்தாவது சோதனை எல்லாவற்றிலும் எளியது: ‘பிடிமானம் இல்லாமல் நில்லுங்கள்.’ நிற்க முடியாதவரின் தசைகள் கரைந்துவிட்டன. இருமுவதற்கும் மூச்சு விடுவதற்கும் தசைதானே வேண்டும்?

சேர்த்த பிறகு

மருத்துவமனையில் பிராணவாயு, மருந்து, நீரிழிவு போன்ற பிற நோய்களுக்கான கவனிப்பு ஆகியவை கிடைக்கின்றன. உணவில் மிகுந்த எச்சரிக்கை தேவை. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென வயிறு நிறையக் கொடுத்தால், இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் விரைந்து சென்றுவிடும். இதயத் துடிப்பே தடுமாறலாம். எனவே சிறிது சிறிதாகத் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டுகின்றனர்.

உணவும் மருந்தே என்பதற்கு ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு சான்று. அங்கே ஏறத்தாழ 2,800 நோயாளிகளுக்கு உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. முதல் இரண்டு மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடம் இறப்பின் வாய்ப்பு 61 விழுக்காடு குறைவாக இருந்தது. நோயாளியின் குடும்பத்தாருக்கும் உணவு கொடுத்த இடங்களில், அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. சிகிச்சை பெறுவோருக்கு அரசு மாதந்தோறும் தரும் ஊட்ட உதவித்தொகையும் 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

ஒரு செவிலியருக்கு எத்தனை பேர்?

ஒரு நிமிடம் மூச்சை எண்ண, ஒரு நிமிடம் வேண்டும். நாற்பது நோயாளிகளுக்கு ஒரே செவிலியர் என்றால், ஒரு சுற்று மூச்சு எண்ணவே நாற்பது நிமிடம் ஆகும். அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் லிண்டா எய்க்கன் குழுவினர் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள் முப்பது நாளில் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியது. 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் ஆய்வும் அதையே கூறியது. பட்டப்படிப்புப் பெற்ற செவிலியர் மிகுந்த மருத்துவமனைகளில் இறப்பு குறைவு என்பதையும் அது கண்டது. கவனிப்பவருக்கு நேரமும் வேண்டும், தாம் கண்டதன் பொருளை உணரும் கல்வியும் வேண்டும் என்பதே இவ்விரு ஆய்வுகளின் சாரம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, இரவில் வியர்வை ஆகியவை உங்கள் வீட்டிலோ வேலைத்தலத்திலோ யாருக்காவது இருந்தால், அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சளிப் பரிசோதனையும் மருந்தும் அங்கு இலவசம். காசநோய் என்று தெரிந்தால் எடை, கால் வீக்கம், மூச்சு, பிராணவாயு, நிற்கும் திறன் ஆகிய ஐந்தும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். அப்படிக் கேட்க நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் முழு உரிமை உண்டு.