குளியலறைக்குக் கொங்கிறீற்று

கொங்கிறீற்று தூணுக்கும் கூரைக்குமே உரியதென்று எண்ணுவோர் பலர். குளியலறைத் தளம், நீர்த்தொட்டி, கைகழுவும் மேடை யாவற்றையும் அதனாலே வார்த்துவிடலாம். ஓடுகளின் இடுக்கிற் படியும் அழுக்குக்கு அங்கே இடமில்லை. நிறம் வேண்டின் கலவையிலேயே காவித்தூள் சேர்த்தல் நன்று.

ஆயினும் அவசரம் ஆகாது. வார்த்தபின் குறைந்தது 7 நாள் ஈரங்காயாது காத்தல் வேண்டும். அதன் வலிமையைக் கணிப்பதோ 28ஆம் நாளில். நுண்துளைகள் உடையதாதலின், நீர்த்தடைப் பூச்சு இன்றேல் கறை உள்ளிறங்கும். எலுமிச்சை, புளி ஆகியவற்றின் அமிலம் அதிலுள்ள சுண்ணத்தை அரிக்கும். தொட்டிக் கட்டிலே வைத்துப் பித்தளைச் செம்பைப் புளியிட்டுத் துலக்கும் இல்லத்தரசியர் இதனை மனங்கொள்க!

யாவற்றினும் முக்கியம் தளம். கண்ணாடிபோல் மினுக்கிய தளம் பார்வைக்கு அழகே. நனைந்தாலோ வீட்டு முதியோர்க்கு ஆபத்து. மினுக்கம் சுவரோடு நிற்கட்டும், தளம் சற்றுச் சொரசொரப்பாகவே இருக்கட்டும் என்று மேசனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இறுகியபின் திருத்துவதாயின் தளத்தையே கொத்த நேரிடும்.