புகுந்த கணக்கிலிருந்து வெளியேறுதல்

எறணாகுளத்துக்கும் வைப்பினுக்கும் இடையே காயலில் கிடப்பது வல்லார்பாடம் என்னும் தீவு. அன்னையின் திருத்தலத்தால் நெடுங்காலமாகப் பெயர் பெற்றிருந்த இத்தீவைக் கோஸ்ரீ பாலங்கள் 2004-ஆம் ஆண்டில் கரையோடு இணைத்தன. 2011 பிப்ரவரியில் கண்டெய்னர் முனையமும் இங்கே திறக்கப்பட்டது. திருப்பூர்ப் பின்னலாடைகளையும் கோவை இயந்திரங்களையும் ஏற்றிய லாரிகள் வாளையாற்றைக் கடந்து இம்முனையத்தின் வாயிலுக்கு வருகின்றன. ஓட்டுநர்களுள் நம்மவர் பலர். அவர்களைக் கேட்டால் ஒன்று சொல்வார்கள்: உள்ளே நுழையும்போது பதிவு செய்வது எவ்வளவு முக்கியமோ, வெளியே வரும்போது பதிவு செய்வதும் அவ்வளவு முக்கியம். வெளியேறியதற்குக் குறிப்பு இல்லையென்றால், லாரி ஆலுவா தாண்டி ஓடிக்கொண்டிருந்தாலும், ஏட்டின்படி அது முனையத்துக்குள்ளேதான் நிற்கிறது.

கணினியிலும் கைப்பேசியிலும் நாம் திறக்கும் கணக்குகளின் நிலையும் இதுவே. மின்னஞ்சல், ரயில் முன்பதிவு, வங்கி, வருங்கால வைப்புநிதி ஆகிய எதுவாயினும், பெயரும் கடவுச்சொல்லும் தந்து உள்ளே புகுகிறோம். வேலை முடிந்ததும் எழுந்து போய்விடுகிறோம். போனது நாம் மட்டுமே. கணக்கு திறந்தே கிடக்கிறது. சொந்த வீட்டில் இருப்பவரைவிட, பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலத்தில் வாழ்பவருக்கு இதனால் வரும் இடர் மிகுதி. ஊரில் பட்டா நகல் வேண்டுமானாலும், வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்ற வேண்டுமானாலும், பொங்கலுக்கு ரயில் இடம் பிடிக்க வேண்டுமானாலும், மட்டாஞ்சேரியில் வாழும் தமிழர் பலர் நாடுவது கடைக் கணினியை, அல்லது அறைத் தோழரின் கைப்பேசியை, அல்லது வேலை செய்யும் அலுவலகத்தின் பொதுக் கணினியை. லாரி அலுவலகங்களில் நடப்பதும் அஃதே. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு செல்ல ஈ-வே பில் கட்டாயம் என்னும் விதி 2018 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபின், காலையில் ஒருவர் திறந்த கணக்கிலேயே மாலை வரை மூவர் வேலை பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

நமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் மட்டாஞ்சேரிக் கடையொன்றில் அமர்ந்து, நாகர்கோவிலுக்கு டிக்கெட் பதிவு செய்துகொண்டிருந்தோம். மின்னஞ்சலும் திறந்திருந்தது. திடீரென மின்சாரம் நின்றது, திரை இருண்டது. இனி என்ன இருக்கிறது என்று பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். மறுநாள் காலையில் கடைக்காரரே கைப்பேசியில் அழைத்தார். கணினியை மீண்டும் இயக்கியபோது, முன்பு திறந்திருந்த பக்கங்களை மீட்டுத் தரட்டுமா என்று அது கேட்டிருக்கிறது. ஆம் என்று அழுத்தியிருக்கிறார். நம் மின்னஞ்சல் முழுவதும் அவர் கண்முன் விரிந்திருக்கிறது. நம் கைப்பேசி எண்ணையும் அதிலிருந்தேதான் எடுத்தாராம்! அவர் நல்லவர்; மூடிவிட்டு நமக்கும் சொல்லிவிட்டார். ஆதார் நகலும் வாடகை ஒப்பந்தமும் பிள்ளையின் பள்ளிச் சான்றும் கிடந்த அந்தப் பெட்டி, அன்றிரவு முழுவதும் திறந்து கிடந்தது என்ற எண்ணம் மட்டும் நமக்கு நெடுநாள் போகவில்லை.

மின்சாரம் போனால் கணக்கும் மூடியிருக்க வேண்டாமா என்று கேட்கத் தோன்றும். அது ஏன் மூடுவதில்லை என்பதைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது.

நாம் பார்க்கும் பக்கங்களை அனுப்பி வைக்கும் தொலைதூரக் கணினிக்கு, இயல்பாக நினைவு என்பது கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்கிறோம், அனுப்புகிறது. அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது, முன்பு கேட்டவரும் இவரும் ஒருவரே என்பதை அது அறியாது. அப்படியே விட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் கடவுச்சொல் தர வேண்டியிருக்கும். இத்தொல்லையைப் போக்க, நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணிபுரிந்த லூ மோன்டுல்லி என்னும் பொறியாளர் 1994-இல் ஓர் உத்தி கண்டார். அதற்குக் குக்கீ என்று பெயர். முதல் முறை கடவுச்சொல் சரியாக இருந்தால், அத்தொலைதூரக் கணினி ஒரு நீண்ட குறியை உண்டாக்கி, நம் உலாவியிடம் தந்துவிடுகிறது. தன் ஏட்டிலும் குறித்துக்கொள்கிறது. பிறகு நாம் எதைக் கேட்டாலும் உலாவி அக்குறியைக் காட்டும். குறி ஏட்டில் இருந்தால் கதவு திறக்கும்.

ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் பகுதியில் உள்ள சலவைக்கூடத்தை நேயர்களிற் பலர் பார்த்திருப்பர். பல தலைமுறைகளாகத் தமிழ் பேசும் வண்ணார் குடும்பத்தினர் அங்கே தொழில் செய்கின்றனர். சலவைக்குப் போகும் துணியின் ஓரத்தில் குறியிடும் பழைய முறை நாம் அறிந்ததே. ஒரே மாதிரி நூறு வெள்ளைச் சட்டைகள் வந்தாலும், குறியைக் கொண்டே இது இன்ன வீட்டுச் சட்டை என்று பிரித்துவிடலாம். சட்டையைக் கொண்டு வந்தவர் யார் என்று அங்கே யாரும் முகம் பார்ப்பதில்லை, குறியைத்தான் பார்ப்பார்கள். குக்கீயும் அத்தகையதே. கணினிமுன் இருப்பவர் மாறினாலும், குறி மாறாதவரை, தொலைதூரக் கணினிக்கு அவர் நாமே. கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லவில்லையே, பின் எதற்கு அஞ்ச வேண்டும் என்பவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். குறி கைவசம் இருப்பவருக்குக் கடவுச்சொல் தேவையே இல்லை.

இப்போது வெளியேறுதல் என்பதன் பொருள் விளங்கும். சன்னலை மூடினால் திரையில் தெரிந்தது மறையும். குறி மறைய வேண்டும் என்பதில்லை. மின்சாரம் போனாலும் அவ்வாறே. ‘சைன் அவுட்’ அல்லது ‘லாக் அவுட்’ என்பதை அழுத்தும்போதுதான், இன்ன குறி இனிச் செல்லாது என்று உலாவி சேவை நிறுவனத்துக்குத் தெரிவிக்கிறது. ஒழுங்காக அமைந்த சேவைகளில் நம் பக்கத்துக் குறியும் அழியும். அவர்கள் ஏட்டுக் குறிப்பும் அடிக்கப்படும்.

‘லாக்’ என்னும் அச்சொல் கப்பலிலிருந்து வந்தது. துறைமுக நகரில் வாழும் நாம் இதனை அறிந்திருப்பது தகும். பாய்மரக் காலத்தில், முடிச்சுகள் இட்ட கயிற்றின் முனையில் மரத்துண்டைக் கட்டிக் கடலில் எறிவார்கள். மணற்கடிகாரம் ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கைவிட்டுப் போயின என்று எண்ணிக் கப்பலின் வேகத்தை அறிவார்கள். அதைக் குறிக்கும் புத்தகம், அம்மரத்துண்டின் பெயரால் லாக் புத்தகம் ஆயிற்று. அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961-இல் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறையொன்று செய்து காட்டப்பட்டது. அதில் வேலை தொடங்குவதற்கும் முடிப்பதற்கும் இட்ட கட்டளைகள் ‘லாகின்’, ‘லாக் அவுட்’ என்பன. அந்நாளில் கணினி நேரம் அருமையான பொருள். ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று அளந்து தரப்பட்டது. அதனால் வெளியேறுவதில் யாவரும் கருத்தாக இருந்திருப்பர். நம் ஊர் பிரௌசிங் கடைகளில் அரைமணிக்கு இவ்வளவு என்று வாங்கிய காலத்தில்கூட, மணியைப் பார்த்து மூடும் பழக்கம் நமக்கு இருந்தது. இன்று நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பழக்கமும் போயிற்று.

பொதுக் கணினியில் அமரும்போது செய்ய வேண்டியவை பல அல்ல. உலாவியில் ‘இன்காக்னிட்டோ’ அல்லது ‘பிரைவேட்’ என்னும் தனிச்சன்னல் ஒன்று உண்டு. அதைத் திறந்து வேலை செய்தால், அத்தகைய சன்னல்கள் யாவற்றையும் மூடியதும் குறிகள் நீங்கும். ஒன்று விடாமல் மூட வேண்டும் என்பதை மறவற்க. கடவுச்சொல்லை நினைவில் வைக்கட்டுமா என்று உலாவி கேட்டால் வேண்டா என்றே சொல்ல வேண்டும். கேரளத்துக் கடைகளிலும், 2002-இல் மலப்புறத்தில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய அக்ஷயா மையங்களிலும், திரையில் மலையாள எழுத்தே தெரிவதுண்டு. எழுத்து அறியாதவர் திகைக்க வேண்டியதில்லை. பெரும்பாலான சேவைகளில் நம் படமோ பெயரின் முதலெழுத்தோ ஒரு வட்டத்துள் வலப்பக்க மேல்மூலையில் இருக்கும். அதை அழுத்தினால் விரியும் பட்டியலில் வெளியேறும் சொல் கிடைக்கும். வெளியேறியபின் அதே பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள். கடவுச்சொல் கேட்டால் வேலை முடிந்தது.

கணக்கை மூடினாலும் அதிலிருந்து இறக்கிய கோப்பு அக்கணினியிலேயே தங்கும். இதை மறப்பவர்களே அதிகம். இறக்கிய மின்-ஆதார் கோப்புக்குப் பூட்டு உண்டே என்பார்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் அதன் திறவுகோல். தெரிந்தவர் எவரும் ஊகித்துவிடக் கூடியது. கோப்பை அழித்து, குப்பைக்கூடையிலிருந்தும் நீக்குவது முறை. அச்செடுப்பதற்காகக் கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கே ஆதாரை அனுப்பும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அதன்பின் எந்த வெளியேறுதலும் பயன் தராது. வேறு வழி இல்லாதபோது, முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதார் நகலையாவது தருக.

வாட்ஸ்அப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதைக் கணினித் திரையில் விரிப்பது மிக எளிது. கைப்பேசியால் ஒரு சதுரப் படத்தைக் காட்டினால் போதும். அந்த எளிமையே இடர். ஒரு கணக்கோடு நான்கு சாதனங்கள் வரை இணையலாம். எந்தெந்தச் சாதனங்கள் இணைந்திருக்கின்றன என்பதைக் கைப்பேசியில் ‘லிங்க்டு டிவைசஸ்’ என்னும் பகுதி காட்டும்; அறியாதது ஏதேனும் இருந்தால் அங்கிருந்தே நீக்கலாம். இது தனியார் கவலை மட்டும் அன்று. இத்தகைய செய்திச் சேவைகள் கணினித் திரையில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையேனும் தாமே வெளியேறிவிட வேண்டும் என்று நடுவண் அரசின் தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் ஆணையிட்டது.

சொந்தக் கைப்பேசியில் ஒவ்வொரு முறையும் எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியேற வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அடிக்கடி வெளியேறுபவர், அடிக்கடி புக வேண்டியதற்காகக் கடவுச்சொல்லை எளிதாக்கிவிடுகிறார். அல்லது தாளில் எழுதி உறையில் செருகுகிறார். அதைவிடக் கைப்பேசிக்கே நல்ல பூட்டு இடுவது மேல். கைமாறும்போது மட்டும் விழிப்பு வேண்டும். பழைய கைப்பேசியை விற்கும் முன்பும், ஊரில் தம்பிக்கோ தந்தைக்கோ கொடுக்கும் முன்பும், கூகுள் கணக்கை அமைப்பிலிருந்து நீக்கிவிட்டு, பிறகு முழுவதும் துடைக்க வேண்டும். வரிசை முக்கியம். கணக்கை நீக்காமல், மீட்புப் பட்டியல் வழியாகத் துடைத்துக் கொடுத்தால், 2015-க்குப் பின் வந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிற் பலவும் பழைய கணக்கின் கடவுச்சொல்லையே கேட்டு நிற்கும். வாங்கியவர் தென்காசியில் கையைப் பிசைந்துகொண்டிருப்பார். விற்றவர் கொச்சியில் இருப்பார்.

சாதனத்தைப் போலவே கைமாறுவது மற்றொன்றும் உண்டு. அது கைப்பேசி எண். வேற்று மாநிலம் வந்தவர் இங்கே புதிய எண் வாங்கி, ஊர் எண்ணுக்குப் பணம் கட்டாமல் விட்டுவிடுவது வழக்கம். செயலிழந்த எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து நிறுவனம் வேறொருவருக்குத் தரலாம் என்பது 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கொன்றில் எடுத்துரைக்கப்பட்டது. தம் பழைய எண்ணில் உள்ள செய்திகளையும் கணக்குகளையும் பயனரே முன்னதாக நீக்கிக்கொள்ளலாம் என்றும் நீதிமன்றம் கருதியது. வங்கிக்கும் ஆதாருக்கும் மின்னஞ்சலுக்கும் அவ்வெண்ணையே கொடுத்திருந்தால், ஒருமுறைக் கடவுச்சொல் யாரோ ஒருவருக்குப் போகும், நமக்கு வராது. ஆதலால் எண்ணைக் கைவிடுமுன் ஒவ்வோரிடத்திலும் புதிய எண்ணைப் பதிய வேண்டும். எண்ணை மாற்றாமல், வேறு நிறுவனத்துக்கோ வட்டத்துக்கோ கொண்டு செல்லும் வசதி நாடு முழுவதற்கும் 2015 ஜூலையில் வந்தது. இயன்றவர்க்கு அதுவே உத்தமம்.

மறந்து வந்துவிட்டால் என்ன செய்வது? கடைக்கு ஓட வேண்டியதில்லை. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியல் உண்டு; ஃபேஸ்புக்கிலும் உண்டு. தொலைவிலிருந்தே அவற்றை வெளியேற்றலாம். பின்னர்க் கடவுச்சொல்லையும் மாற்றுக. மாற்றுவதால் மட்டுமே எல்லாச் சேவைகளிலும் பழைய குறிகள் செல்லாமற் போய்விடுவதில்லை, ஆகையால் இரண்டையும் செய்ய வேண்டும். பிறருடைய கடவுச்சொல் போன்ற அடையாளத்தை வஞ்சகமாகப் பயன்படுத்துவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பணம் போயிருந்தால் 1930 என்னும் எண்ணை எம்மாநிலத்திலிருந்தும் அழைக்கலாம். வங்கிக்கும் அக்கணமே சொல்ல வேண்டும். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும் வரையில் அவரே ஏற்க வேண்டும் என்றும், தெரிவித்தபின் நேர்வதை வங்கி ஏற்கும் என்றும் 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை வகுத்தது. ஆகவே எத்தனை மணிக்குத் தெரிவித்தோம் என்பதற்குச் சான்று வேண்டும். வங்கி தரும் புகார் எண்ணை, நேரத்தோடு சேர்த்து, கைப்பேசியில் அன்றிக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்க.